நாலாவது காமிராவின் பத்து நிமிடம்

அன்புள்ள அத்தைக்கு,

போனில் பேசாமல் கடிதம் எழுதுவதற்கு மன்னிக்கவும். போனை எடுத்தால் "சாப்பிட்டீங்களா?"வுக்கு மேல் எனக்கு வாய் வராது என்பது உங்களுக்கே தெரியும். உங்கள் மூட்டுவலி இந்தக் கடிதம் சேரும் முன்பே போயிருக்கும் என்று நம்புகிறேன்.

மூன்று மாதத்தில் டி.வி. வேலை நிரந்தரமாகாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து அரசு வேலைப் பரீட்சை எழுது என்று அப்பா சொன்னாரல்லவா, நேற்றுதான் அந்தக் கடைசி நாள், நேற்றென்று பார்த்து வாலிபால் இறுதிப் போட்டி நேரலை. நான்கு காமிராக்கள். ஒவ்வொரு படத்திலும் மணி, நிமிடம், நொடி பதிய வேண்டும். அதற்கு டைம்கோடு என்று பெயர். பிறகு எந்த நொடியைச் சொன்னாலும், நான்கும் அந்த நொடியில் எடுத்ததைக் காட்டும். மூன்றுக்கு ஒழுங்காக மணி கொடுத்தேன். நாலாவதற்குக் கேபிள் எட்டவில்லை, என் லேப்டாப் வழியாக நெட்வொர்க்கில் வாங்கினேன், படம் பளிச்சென்று வந்தது, அதோடு என் லேப்டாப்பின் மணியும் சேர்ந்து வந்ததை நான் கவனிக்கவில்லை. பஸ்ஸைத் தவறவிடக் கூடாதென்று வீட்டுக் கடிகாரங்களை எல்லாம் அப்பா பத்து நிமிடம் முன்னால் ஓடவிடுவாரே, லேப்டாப்பையும் விட்டுவைக்கவில்லை.

கடைசிப் புள்ளி. பந்து கோட்டில் பட்டதா இல்லையா என்று சண்டை. நாலாவது காமிராவுக்கு மட்டும்தான் அந்தக் கோடு தெரியும். எங்கள் டைரக்டர், 'இடி' என்போம், "நாலையும் போடு!" என்று கத்தினார். மூன்றில் பந்து. நாலாவதில், அரங்கத்துப் பெரிய திரையில், பத்து நிமிடத்துக்கு முந்தைய இடைவேளை: நடுவர் தன் ஷூவைக் கழற்றி முகர்ந்து பார்க்கிறார். அரங்கமே சிரித்தது. நடுவர் சிரிக்கவில்லை.

எப்படியோ மைக்கை அழுத்திவிட்டேன்.

"என் தப்பு சார். நாலாவதுக்குப் பத்து நிமிஷம் கூட்டிப் போடுங்க."

"யாருப்பா அது? புதுக் குரலா இருக்கு?"

"நான்தான் சார். பின்னாடி உட்கார்ந்திருக்கேன்."

"மூணு மாசமா எங்கம்மா இருந்தே?"

"இங்கதான் சார்."

பத்து நிமிடம் கூட்டினார்கள். பந்து கோட்டில்தான் பட்டிருந்தது. அப்பாடா என்று நான் விட்ட மூச்சும் மைக்கில் போய்விட்டது. இடி முதல் தடவையாகச் சிரித்தார். முடிந்ததும், "தப்பை வாயத் தொறந்து சொல்ற ஆளு இங்க நீ ஒருத்திதான்" என்று நிரந்தர வேலைக்கான தாளை நீட்டினார். மாதத்தில் பாதி நாள் வெளியூர். அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று பணிவாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

மாமாவுக்கு என் வணக்கம். சின்னவளுக்கு ஒரு முத்தம். உங்களிடம் எதுவும் கேட்க எழுதவில்லை, சும்மா சேதி சொல்லத்தான்.

உங்கள் அன்பு மருமகள்

பி.கு.: அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று நான் சொல்லவே இல்லை அத்தை. அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன், நீங்களும் வர வேண்டும். அப்பாவை 'டேய்' என்று கூப்பிட உலகத்தில் உங்கள் ஒருவரால்தான் முடியும். ஒரே ஒரு தடவை கூப்பிட்டு உட்காரவைத்து விடுங்கள். மீதியை நானே சொல்லிவிடுகிறேன்.