பெரியவர் மூக்கில் ஒட்டிய படலம்

அன்புள்ள சித்திக்கு,

நலம், நலமறிய ஆவல் என்றுதான் தொடங்க வேண்டும். எனக்கு நலம் இல்லை. நீங்களாவது நலமாக இருங்கள், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு வந்து என்னையும் என் பெட்டியையும் ஏற்றிச் செல்ல வேண்டும். சித்தப்பாவுக்கும் பாப்பாவுக்கும் என் அன்பு.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவளுக்கு ஆய்வுக்கூடத்தில் என்ன வேலை என்று எல்லோரும் கேட்டபோது, "எங்க பொண்ணு வாயே திறக்க மாட்டா" என்று சொன்னீர்களே, அதைக் கேட்டுத்தான் டாக்டர் அக்கா என்னைச் சேர்த்துக்கொண்டார். இங்கே அதுதான் தகுதி. பிளாஸ்டிக்கைக் கரைத்துத் தகட்டில் ஒரு சொட்டு விட்டு, தகட்டைப் பம்பரமாகச் சுற்றினால், சோப்புக் குமிழின் தோல் போல ஒரு படலம் படியும். தகட்டை மெல்ல ஒரு தட்டுத் தண்ணீரில் இறக்கினால் படலம் மட்டும் கழன்று மிதக்கும். அதை இன்னொரு தகட்டில் ஏந்தி எடுக்க வேண்டும். பக்கத்தில் யாராவது பேசினாலே மூச்சுக்காற்றில் சுருண்டுவிடும். பிறகு எக்ஸ்ரே மெஷினை ஓட்டும் மெஷின் அண்ணன், அதற்குள் என்ன எப்படி அடுக்கியிருக்கிறது என்று பார்ப்பார். நான் பேசாமல் ஏந்திக் கொடுத்து நிம்மதியாக இருந்தேன். இந்த வாரம் வேலையை நிரந்தரமாக்குவதாகவும் அக்கா சொல்லியிருந்தார்.

இன்று காலை பெரியவர் ஒருவர் வந்தார். எங்களுக்குப் புது மெஷின் தரலாமா வேண்டாமா என்று முடிவு செய்பவர். நான் படலத்தை மிதக்கவிட்டேன். அக்கா பெருமையோடு, "குனிஞ்சு பாருங்க சார்" என்றார். அவர் குனிந்தார், இன்னும் குனிந்தார், மூக்கு நுனி தண்ணீரைத் தொடும்வரை குனிந்தார். நிமிர்ந்தபோது தட்டில் படலம் இல்லை.

"எங்க போச்சு?" என்று மெஷின் அண்ணன் மேஜைக்கடியில் தேடினார். பெரியவரும் பாவம், தன் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். எனக்கு மட்டும் தெரிந்தது. அவர் மூக்கு நுனி ஈரத்தில் ஊதாவும் பச்சையுமாக மின்னிக்கொண்டிருந்தது. சொன்னால் மரியாதை போகும், சொல்லாவிட்டால் படலம் போகும். யாரும் கேட்காமலே நான் வாய் திறந்தது இதுதான் முதல்முறை, எவ்வளவு சத்தம் வைக்க வேண்டும் என்று தெரியாமல், "சார் மூக்குல இருக்கு!" என்று கத்திவிட்டேன் சித்தி. வராந்தாவில் போனவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

"அசையாதீங்க சார்" என்று அக்கா ஒரு சுத்தமான தகட்டை அவர் மூக்கில் அழுத்தினார்.

"மூச்சு விடலாமாம்மா?"

"வாயால விடுங்க சார்" என்றார் அண்ணன்.

அந்த நேரம் பார்த்தா எனக்குச் சிரிப்பு வரவேண்டும்? அடக்க அடக்கப் பீறிட்டது. அவர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று கிளம்பிவிட்டார். அக்காவும் அண்ணனும் தகட்டை மெஷினில் வைத்துவிட்டு, திரையில் விழுந்த வளைகோட்டைக் காட்டிக் காட்டி, "இப்படி ஒரு வளைகோட்டை நான் பார்த்ததே இல்ல அக்கா!" "தோல்ல பட்டதும் அமைப்பே மாறியிருக்குடா!" என்று சாப்பாட்டையும் மறந்து வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். நான் சாமான் அறையில் காலிப் பெட்டிகளுக்கு நடுவே ஒளிந்துகொண்டு இதை எழுதுகிறேன். புது மெஷின் போயிற்று. என் வேலையும் போன மாதிரிதான். அவர்கள் போகச் சொல்வதற்குள் நானே போய்விடுகிறேன். அப்பாவிடம் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

வீட்டில் எல்லோரையும் நான் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
வாயைத் திறந்து கெட்ட உங்கள் மகள்

பி.கு.: திருப்பிக் கொடுப்பதற்காக வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்தேன். கை விளிம்பில் மினுமினுவென்று ஒட்டியிருக்கிறது, சித்தி, படலம்! எப்போது தண்ணீரில் உரசினேனோ. ஓடிப்போய்க் காட்டினேன். அக்கா கோட்டைப் பார்த்தார், வளைகோட்டைப் பார்த்தார். "அப்போ இவ்வளவு நேரம் நாங்க ஆராய்ஞ்சது?" "சார் மூக்கு எண்ணெய், அக்கா" என்றேன். இந்த முறை சத்தம் சரியாக வந்தது. அண்ணன் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அக்கா பெரியவருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அவர் சிரித்த சிரிப்பு மேஜைக்கு இந்தப் பக்கம் கேட்டது. "மெஷினை வாங்கிக்கோங்கம்மா, என் மூக்கை விட்டுடுங்க. ஆமா, அந்த வளைகோட்டை அனுப்பி வைங்க, வீட்ல காட்டணும்!" அக்கா போனை வைத்துவிட்டு என் கையில் கோட்டைத் திணித்து, "நாளைக்கு நேரத்தோட வா, நீ இனிமே இங்கதான்" என்றார்.

ஆகவே வண்டி வேண்டாம். அப்பாவிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். என்னைப் பார்க்க வேண்டும் என்றிருந்தால் வாருங்கள். முகத்தை மட்டும் நன்றாகத் துடைத்துக்கொண்டு வாருங்கள்.