முதல் நூறு வெடி

துவக்குச் சத்தம் கேளாத நாடு தேடித்தான் நான் கனடாவுக்கு ஓடி வந்தேன். வந்த இடத்தில் எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான வேலை ஒரு துவக்குக் கடையில், துப்பாக்கி விற்கிற கடையில். (சிரிக்காதேங்கோ. நான் அழுது முடித்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.)

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வெக்ஸ்போர்ட்டில் ஒரு பேஸ்மென்றில் மூன்று பெடியளோடு இருந்தேன். கடைக்கு பஸ்ஸில் இருபது நிமிடம். முன்பக்கத்தில் தூண்டில், வலை, ரப்பர் சப்பாத்து. பின்பக்கத்தில் பூட்டிய கண்ணாடி அலுமாரிக்குள் வேட்டைத் துவக்குகள். ஊருக்கு எழுதிய கடிதங்களில் நான் முன்பக்கத்தை மட்டும்தான் எழுதினேன். "மீன்பிடிச் சாமான் கடையில் வேலை" என்று அம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தா.

முதலாளி பெயர் ரொன். மீசை பெரிசு, பேச்சு சிறிசு. அவரிடம் எனக்கு ஒரு கடிதம் வேண்டியிருந்தது. எனக்கு நிச்சயம் பண்ணியிருந்த வசந்தி கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில், ஒவ்வொரு நாளும் தமிழருக்கென்றிருந்த பொலிஸ் பதிவோடு மாரடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவளை ஸ்பொன்சர் பண்ணிக் கனடாவுக்குக் கூப்பிட, "இவர் எங்கள் நிரந்தர வேலையாள்" என்று ஒரு கடிதம் முக்கியம். கேட்டபோது ரொன், "மூண்டு மாதம் முடியட்டும், பார்ப்பம்" என்றார். (அவர் சொன்னதெல்லாம் இங்கிலீசில்தான். எனக்கு விளங்கின மாதிரி எழுதுகிறேன்.)

மூன்று மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. அதற்குள் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

ஹரோல்ட் என்று ஒரு வாடிக்கையாளர். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர், துப்பாக்கிக் கழகத்தின் தலைவரும் அவர்தான். அவர் செமி ஒட்டோமற்றிக் சொட்கண் என்ற புது வேட்டைத் துவக்கு ஒன்றுக்குக் காசு கட்டியிருந்தார். அது ஒரு கெட்டிக்காரச் சாமான். ஒரு வெடி வைத்தால், அந்த வெடியின் விசையிலேயே சுட்ட தோட்டாவின் வெறுங்கோதை வெளியே துப்பிவிட்டு அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். வருகிற சனிக்கிழமை கழகத்தில் போட்டி. ஆறு வருடமாக ஹரோல்ட் அங்கே தன் மனைவியின் தம்பியிடம் தோற்று வந்தார். இந்த முறை அந்த மச்சானை மடக்கவே இந்தத் துவக்கு.

ரொன் பத்திரமெல்லாம் சரிபார்த்து முடித்துவிட்டு, பல் பிடுங்கப் போகும் அவசரத்தில் எனக்குச் சொன்னார்:

"சிவா, கொம்பனிக் கிறீஸை முழுக்கத் துடை. அது பெட்டிக்குள்ளை கறள் பிடியாமல் போட்டது. பாரமான தோட்டா நாலு பெட்டி குடு. முதல் நூறு வெடியும் பாரமானதாலைதான் வைக்க வேணும் எண்டு சொல்லு. புதுசு இறுக்கமா இருக்கும். மெல்லிசைப் போட்டால் கோது சிக்கும். அது பழுதில்லை, அதின்ரை குணம். வேறை ஒண்டும் கதையாதை."

ஓம் ஓம் என்று தலையாட்டினேன். அவர் கதவைச் சாத்தியதும் எனக்குள் இருந்த யாழ்ப்பாணத்தான் விழித்துக்கொண்டான்.

புதுச் சாமானை முதல் நாளே துடைக்கிறதா? நாங்கள் கார் வாங்கினால் அதை விற்கும் வரைக்கும் சீற்றில் பொலித்தீன் இருக்கும். ரீவி ரிமோட்டுக்குச் சொப்பிங் பை போட்டுத்தான் அமத்துவோம். எங்கள் அப்பா புது மோட்டார் சைக்கிள் வாங்கியபோது, எஞ்சின் பழகட்டும் என்று முதல் ஐந்நூறு மைலும் உருட்டாத குறைதான். தபால்காரர் சைக்கிளில் எங்களை முந்திக்கொண்டு போய், சந்தியில் நின்று, "மாஸ்டர், ஏதும் உதவி வேணுமோ?" என்று கேட்டிருக்கிறார். இந்த வெள்ளைக்காரனுக்கு என்ன தெரியும், புதுசை எப்படிப் பழக்கவேணும் என்று!

ஆகவே கிறீஸைத் துடைக்கவில்லை. மெல்லிசாய் இருந்த இடத்தில் கொஞ்சம் கூட்டிப் பூசினேன்.

ஹரோல்ட் வந்தார். அதிபர் அல்லவா, நான் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டேன். கடையில் இருந்ததிலேயே ஆக மெல்லிய தோட்டா நாலு பெட்டி எடுத்துக் கொடுத்து, "சேர், முதல் நூறும் இதாலை. குழந்தைக்குச் சோறு தீத்திற மாதிரி" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "துவக்கிலை உமக்கு அனுபவம் இருக்கோ?" என்று கேட்டார்.

"சேர், நான் யாழ்ப்பாணம்."

நான் சொன்னது அவ்வளவும்தான். பொய் ஒன்றுமில்லை. அவரோ தொப்பியைக் கழற்றி மரியாதையாகத் தலையாட்டினார். (என் அனுபவமெல்லாம் பதுங்குகுழிப் பங்கருக்குள் குப்புறப் படுத்தபடி பெற்றது என்பதை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.)

சனிக்கிழமை ரொன் என்னையும் தன் ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனார். ரூஜ் ஆற்றைத் தாண்டி ஒரு வெட்டை வெளி. ஒக்டோபர் குளிரில் காது விறைத்தது. ஹரோல்ட் என்னைத் தோளில் தட்டி, "இவர்தான் என்ரை நிபுணர்" என்று எல்லாருக்கும் அறிமுகப்படுத்தினார். நானும் வெட்கமில்லாமல் கை கொடுத்தேன்.

போட்டி இதுதான்: செம்மஞ்சள் நிற மண் தட்டு இரண்டு ஒன்றாகப் பறக்கும். இரண்டையும் அடுத்தடுத்துச் சுடவேண்டும். ஹரோல்ட் சுட்டார். முதல் தட்டு தூள். கைதட்டல். இரண்டாவது தட்டு தன் பாட்டில் பறந்து போய்ப் புல்லில் இறங்கியது. துவக்கு வெடிக்கவில்லை. வெறுங்கோது பாதி வெளியே, பாதி உள்ளே சிக்கிக்கொண்டு நின்றது. அவர் அதைக் கையால் இழுத்து எறிந்துவிட்டுத் திரும்பவும் சுட்டார். திரும்பவும் அதே கூத்து.

"அத்தான், உந்தச் செமி ஒட்டோமற்றிக்கிலை செமிதான் கிடக்குது, ஒட்டோமற்றிக்கைக் காணேல்லை!" என்று மச்சான்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

ஹரோல்ட் காது சிவக்கச் சொன்னார்: "கடை நிபுணர் சொன்னபடிதான் செய்தனான்."

அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. எனக்கு வசந்தியின் முகம்தான் வந்தது. போச்சடா, அவள் லொட்ஜிலேயே கிழவியாகப் போகிறாள் என்று நினைத்தேன்.

ரொன் துவக்கை வாங்கித் தோட்டா இல்லையென்று உறுதிப்படுத்திவிட்டுக் கழற்றினார். உள்ளே கிறீஸ் குளிருக்கு உறைந்து பட்டர் மாதிரிக் கிடந்தது. விரலால் வழித்துப் பார்த்தார்.

"கொம்பனி இவ்வளவு போடாதே?"

"மிச்சம் நான் போட்டனான்" என்றேன்.

பிறகு பொலித்தீன், ரிமோட், அப்பாவின் மோட்டார் சைக்கிள் எல்லாவற்றையும் தெரிந்த இங்கிலீசில் ஒப்புவித்தேன். ரொன் கிறீஸைச் சுத்தமாகத் துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, ட்ரக்கிலிருந்து பாரமான தோட்டா நாலு பெட்டி கொண்டு வந்தார்.

"பழுதாக்கினவர் பழக்கட்டும். நூறும் நீதான்."

வாழ்க்கையில் விசையில் விரல் வைத்தறியாதவன் நான். ரொன் பின்னால் நின்று பிடிக்க, கண்ணை மூடி முருகா என்று ஒன்று விட்டேன். துவக்கு கழுதை மாதிரி உதைத்தது. நிமிர்ந்து பார்த்தால் நான் ரொன்னின் மடியில். முப்பது வெடி தாண்டியும் இடைக்கிடை சிக்கியது. அறுபதுக்குப் பிறகு கோது துள்ளி விழத் தொடங்கியது. நூறு முடிய மெல்லிசைப் போட்டுப் பார்த்தார்கள். மணியாகத் துப்பியது. என் தோள் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. அந்த நூறு வெடியிலும் நான் ஒரு தட்டைக்கூடத் தொடவில்லை.

பின்னேரம் ஹரோல்ட் திரும்பச் சுட்டு, ஒரேயொரு தட்டால் மச்சானிடம் தோற்றார். ஆறு வருடத் தோல்வி ஏழானது.

வரும்போதும் ரொன்னின் ட்ரக்கில்தான். வெக்ஸ்போர்ட்டில் இறக்கிவிடும்போது, "திங்கட்கிழமை வா. கடிதம் தாறன். கேட்டவுடனை மிச்சம் நான் போட்டனான் எண்டு சொன்னாய் பார், அதுக்கு" என்றார். ரோட்டிலேயே அழுதுவிட்டேன். தோள் நோவு என்று சமாளித்தேன்.

கடிதத்தின் அடியில் அவர் தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார்: "நேர்மையானவர். புதிது என்பதால் இன்னும் இறுக்கமாக இருக்கிறார். பழக்கினால் சரிவரும்." கடிதத் தலைப்பிலோ குறுக்கும் நெடுக்குமாக இரண்டு துவக்குப் படம்! விசா நேர்முகத்துக்கென்று நான் அனுப்பிய அதைத் தேவாரப் புத்தகத்துக்குள் ஒளித்துக்கொண்டு கொழும்புச் சோதனைச்சாவடிகளை வசந்தி கடந்த கதையை அவள் சொல்ல நீங்கள் கேட்கவேண்டும். எனக்கு அதில் இடையில் பேச அனுமதி இல்லை.

வந்திறங்கிய அன்று அவள் அந்தக் கடைசி வரிக்கு விளக்கம் கேட்டாள். முழுக்கச் சொன்னேன். கத்தரிக்கோலை எடுத்து, என் சோபாச் செற்றியின் பொலித்தீனை நறுக்கென்று கிழித்தாள். அடுத்த நாள் விடிய, முழங்கால் உயரச் சினோ. பனி அள்ளும் சவளைக் கையில் தந்து, "புதுசெல்லோ, பாரமானதாலைதான் தொடங்க வேணும்" என்றாள்.

போன தையில் எங்கள் மகள் தான் கட்டப்போகிற பெடியனை முதல்முதலாக வீட்டுக்குக் கூட்டி வந்தாள். வசந்தி தேத்தண்ணிக்கு முதலே அவன் கையில் சவளைக் கொடுத்துவிட்டாள். எனக்குப் பாவமாக இருந்தது. மகள் அசையவில்லை. "அப்பா, ரிலாக்ஸ். ஹீ இஸ் ஜஸ்ட் ப்ரேக்கிங் இன்" என்றாள். (புதுசு பழகுகிறதாம்.)

மற்றச் சவளை எடுத்துக்கொண்டு நானும் இறங்கினேன். வாசலில் நின்ற வசந்தியிடம் கேட்டேன்: "என்னப்பா, எனக்கு இன்னும் அந்த நூறு முடியேல்லையோ?"

"எங்கை முடியிறது? உங்களிலை கொம்பனிக் கிறீஸே இன்னும் போகேல்லை" என்று கதவைச் சாத்தினாள்.