உயிரோடு இருப்பவருக்கு அரைப் பக்கம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம் விசாரிக்காமல் கடிதத்தைத் தொடங்குவது நாகரிகமன்று என்பதால் விசாரிக்கிறேன்: உன் இரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? இதைப் படித்து முடித்தபின் மறுபடியும் பார்த்துக்கொள். இங்கே பத்து நாள்களாக மழை. என் முழங்கால்கள் இரண்டும் எனக்கு எதிராகக் கூட்டணி அமைத்துள்ளன. மற்றபடி குறையில்லை என்றுதான் எழுதியிருப்பேன், உன் அச்சகத்திலிருந்து வந்த எங்கள் பள்ளி ஆண்டு மலரின் நாற்பத்தேழாம் பக்கத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால். அந்தப் பக்கத்தில், உயிரோடு இருக்கும் ஒரு மனிதரை நீ கொன்றுவிட்டாய்.

முறையாகச் சொல்கிறேன். வேதியியல் ஆசிரியையாக ஓய்வு பெற்றுப் பதின்மூன்று ஆண்டுகளான என்னை மலர்க் குழுவில் சேர்த்தது, எனக்குப் பிழை கண்டுபிடிக்க வரும் என்பதற்காக. என்னோடு பணியாற்றியவர்கள் இதையே வேறு சொற்களில் சொல்வார்கள். எங்களுக்கு ஒதுக்கியது பள்ளியின் பழைய நோயாளர் அறை. தேர்வு நாள்களில் வயிற்றுவலிக்காரர்கள் படுத்திருந்த இரும்புக் கட்டிலில் பக்கங்களைப் பரப்பி, எடை பார்க்கும் இயந்திரத்தின்மேல் அகராதியை வைத்து (இரண்டே கால் கிலோ) நான்கு மாதம் உழைத்தோம். உழைத்தோம் என்பதில் ஐந்து மாணவர்களும் அடக்கம். அவர்கள் பார்த்துப் பார்த்துச் செதுக்கியவை, அவரவர் படம் உள்ள பக்கங்கள். ஓட்டப்பந்தயப் படத்தில் முதலில் வந்தவனுக்குத் தலை இல்லை, ஏழாவதாக வந்தவன் செருப்பு வரை முழுதாக இருந்தான். அவன் குழு உறுப்பினன். இத்தகைய பிழைகளை எல்லாம் களைந்துதான் உன்னிடம் அனுப்பினேன்.

எங்கள் ஆய்வக உதவியாளரை நீ பார்த்திருக்கிறாய். ஆண்டுதோறும் பக்கங்களை உன் அச்சகத்தில் கொண்டுவந்து கொடுத்து, அச்சான மலர்க் கட்டுகளை ஏற்றிக்கொண்டு போகிறவர். அங்கே அவருக்கு 'ஸ்கூல்காரர்' என்று பெயர், இங்கே மாணவர்கள் வைத்த பெயர் பிப்பெட். நெடியவர், ஒல்லியானவர், ஒரு நேரத்தில் ஒரு சொட்டுக்குமேல் பேசாதவர். இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். குழுப்படம் எடுக்கும் நாளில் பெஞ்சுகளைச் சுமந்து அடுக்குவது அவர்; புகைப்படக்காரரின் தோளுக்குப் பின்னால் மஞ்சள் துணி ஒன்றை உயர்த்திப் பிடித்து எல்லோரையும் ஒரே பக்கம் பார்க்க வைப்பதும் அவர். முப்பத்தொரு மலர்களில் அத்தனை பேரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் ஒன்றிலும் இல்லை. இதை நானாகக் கவனித்ததாக நினைத்துவிடாதே. அவர்தான் ஒருநாள் நோயாளர் அறை வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், இந்த வருஷமாவது ஒரு ஓரமா என் படம் வருமா?"

"என்ன திடீர்னு?"

"மாசக் கடைசியில போயிடுவேன். இங்க வேலை பார்த்தேன்னு வீட்ல காட்ட ஒண்ணுமே இல்ல."

வரும் என்று வாக்குக் கொடுத்தேன். வாக்குக் கொடுப்பது என் வழக்கமில்லை என்பதால் அதில் எனக்குப் பழக்கமும் போதவில்லை. அவரை நடுவில் நிறுத்தி ஆசிரியர் குழுவை மறுபடியும் படம் எடுத்தோம். துணியை உயர்த்தப் பின்னால் ஆளில்லை. முப்பத்திரண்டு ஆசிரியர்களும் முப்பத்திரண்டு திசைகளைப் பார்த்தார்கள். தலைமையாசிரியர் கண்களை மூடியிருந்தார். அந்தப் படம் வேண்டாம், பழையதே போதும் என்று சொல்லிவிட்டார். சரி என்று, உதவியாளரின் பணிக் கோப்பிலிருந்து அவர் வேலைக்குச் சேர்ந்த நாளின் படத்தை எடுத்தேன். தலை நிறைய முடியும் அதற்கேற்ற மீசையுமாக, யாரோ ஒரு மாப்பிள்ளையைப் போல இருந்தார். அதை நீள்வட்டமாக வெட்டி, அன்று வராதவர்களை வைக்கும் மேல் மூலையில் வைத்தேன். அச்சேறும் முன் திருத்துவதற்கான கடைசி மெய்ப்பைப் பார்த்த தலைமையாசிரியர் அந்த நீள்வட்டத்தின்மேல் விரலை வைத்தார்.

"யாருங்க மேடம் இது?"

"நம்ம ஆய்வக உதவியாளர்."

"ஆசிரியர் பக்கத்துல ஆசிரியருங்கதான். இன்னைக்கு இவரைப் போட்டா நாளைக்கு டிரைவர் கேப்பாரு, தோட்டக்காரர் கேப்பாரு."

"கேட்டா போடுவோம். அவங்களுக்கும் முகம்னு ஒண்ணு இருக்கே."

"ரூல்ஸுன்னும் ஒண்ணு இருக்கே மேடம். தூக்கிடுங்க."

அதற்குமேல் வாதாடினாயா என்று கேட்காதே. மணி நாலரை, வானம் இருட்டியிருந்தது, குடை வீட்டில். படத்தின்மேல் சிவப்பு மையால் குறுக்குக் கோடு போட்டு, ஓரத்தில் 'நீக்குக' என்று எழுதி, மெய்ப்பை உறையில் வைத்து, வழக்கம்போல அவர் கையிலேயே கொடுத்தனுப்பினேன். உறையை ஒட்டவில்லை. ஒட்டுவதற்கு அதில் இரகசியம் ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நீக்கச் சொன்னால் நீக்க வேண்டியதுதானே? உன் ஆட்கள் அந்தச் சிவப்புக் கோட்டில் என்ன கண்டார்களோ, அறிவியல் மன்ற அறிக்கையின் பின்பாதியை விழுங்கிவிட்டு, அந்த இடத்தில் அரைப் பக்கத்துக்குக் கறுப்புக் கட்டம் கட்டி, நடுவில் அவர் படத்தைப் பெரிதாக்கிப் போட்டு, கீழே 'மறைவு' என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதோடு விட்டார்களா? எந்த வங்கி மேலாளருக்காகக் கோத்து வைத்திருந்த பத்தியோ, 'கிளையின் வளர்ச்சிக்குத் தோள் கொடுத்தவர், வாடிக்கையாளர்களின் மனத்தில் நீங்கா இடம் பிடித்தவர்' என்று புகழ்ந்தும் இருக்கிறார்கள். தன் மரணச் செய்தியைத் தானே சுமந்து வந்து உன் மேசையில் வைத்தவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கிறீர்கள். தொலைபேசி என்ற கருவியை உன் அச்சகத்தில் எதற்கு வைத்திருக்கிறாய்?

திங்கள்கிழமை காலைக் கூட்டத்தில் மலர் வெளியிடப்பட்டது. மேடையில் அதைப் புரட்டிக்கொண்டே வந்த தலைமையாசிரியர் நாற்பத்தேழில் நின்றார். "எனக்கு யாருமே சொல்லலையே" என்று ஒலிபெருக்கியிலேயே வருந்திவிட்டு, எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி இரண்டு நிமிட மௌனம் அறிவித்தார். ஒலிபெருக்கியின் கம்பி தளர்ந்திருந்ததால் அதை அழுத்திப் பிடித்தபடி அவர் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தவர் மறைந்தவர்தான். அவரும் தலையைக் குனிந்துகொண்டார். அந்த இரண்டு நிமிடத்தை அவரளவுக்கு ஒழுங்காகக் கடைப்பிடித்தவர் பள்ளியில் வேறு யாருமில்லை. குழுவின் தலைவியான மாணவி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மிஸ், செத்தவரு அங்க நிக்கறாரு."

"தெரியுது. வாயை மூடு."

"யாராவது சொல்ல வேணாமா மிஸ்?"

"ரெண்டு நிமிஷம் முடியட்டும். மௌனம்னா மௌனம்."

முடிந்ததும் நான்தான் போய்ச் சொன்னேன். தலைமையாசிரியர் உதவியாளரைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், மறுபடியும் புத்தகத்தைப் பார்த்தார். "அச்சுல வந்தது எப்படி மேடம் பொய்யாகும்?" என்றார். பிற்பகலுக்குள் வருத்தம் வடிந்து கோபம் ஏறிவிட்டது. இது யார் செய்த வேலை என்று எழுத்துமூலம் கேட்டிருக்கிறார். ஆள் தெரிந்தால் சும்மா விடமாட்டாராம்.

ஆகவே, தம்பி, வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு இரண்டு வேண்டும். தவறு உன் அச்சகத்தினுடையதே என்று ஒப்புக்கொள்ளும் கடிதம் ஒன்று. அறுநூறு திருத்தச் சீட்டுகள், அந்தக் கட்டம் முழுவதையும் மறைக்கும் அளவில். 'இவர் இறக்கவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறோம்' என்று அச்சிட்டு அனுப்பிவிடாதே, உன்னால் அது முடியும். நோயாளர் அறைக் கட்டிலில் உட்கார்ந்து அறுநூறையும் நானே ஒட்டுகிறேன். என் முழங்காலுக்கு அதில் வேலை இல்லை.

உன் மனைவிக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு ஆசிகள். நீயும் நீண்ட ஆயுளோடு இரு. அதை மட்டும் உன் அச்சகத்தில் அச்சிட்டு உறுதி செய்துகொள்ளாதே.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் உதவியாளர் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தார். சட்டைக்குள்ளிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். நான் திருத்திய அதே மெய்ப்பு. மலர்க் கட்டுகளோடு நீ திருப்பி அனுப்பிய தாள்களிலிருந்து உருவி வைத்திருந்திருக்கிறார். என் 'நீக்குக' அடிக்கப்பட்டு, அதன் கீழே வேறொரு கையெழுத்தில் 'மறைவு. அரைப் பக்கம். கறுப்புக் கட்டம்' என்று இருந்தது.

"அச்சகத்துத் தம்பியைத் திட்டாதீங்க டீச்சர். எழுதுனது நான்தான்."

"உங்களுக்கு என்ன பைத்தியமா?"

"பஸ்ஸுல பிரிச்சுப் பார்த்தேன். சிவப்புல அடிச்சிருந்தீங்க. நம்ம ஆளுங்க படம் இந்தப் புத்தகத்துல ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கு. வாட்ச்மேன் செத்த வருஷம். அப்ப யாரும் ரூல்ஸ் பேசல."

"வீட்ல காட்டினீங்களா?"

"மறைவுங்கற எழுத்தை விரலால மூடிக்கிட்டுக் காட்டினேன். போட்டோ நல்லா இருக்குன்னு என் சம்சாரம் சொன்னா." மேசையில் இருந்த தாளின் மடிப்பை நீவிவிட்டார். "திருத்தம் ஒட்டப் போறீங்களாமே. படத்து மேலயா ஒட்டுவீங்க?"

எனவே சீட்டுகள் வேண்டாம். ஒப்புதல் கடிதத்தை மட்டும் அனுப்பு. நீ குற்றமற்றவன் என்பது எனக்குத் தெரியும், ஆனால் அவருக்கு மாதக் கடைசிவரை பதினோரு நாள் இருக்கிறது. பள்ளிக்கு ஒரு குற்றவாளி தேவைப்படுகிறான். உனக்கு இந்தப் பள்ளியிலிருந்து ஓய்வூதியம் ஏதும் வரப்போவதில்லை. பத்தியில் வங்கி மேலாளரைப் புகுத்தியது எப்படியும் நீதான். மேலே உன்னைப் பற்றி எழுதியவற்றில் பாதியை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்.

அந்த மெய்ப்பை அவர் கண்ணெதிரிலேயே அடுப்பில் போட்டுக் கொளுத்தினேன். அவருடைய கையெழுத்து யார் கண்ணிலும் படக்கூடாது என்பதற்காகச் செய்தேன் என்று எண்ணி, மனிதர் இரண்டு முறை நன்றி சொன்னார். அதில் என் சிவப்பு மையும் இருந்தது.