ஒரு நாள் காலி

"ஒரே ஒரு நாள்தான் முனிராஜு. இன்னைக்குக் காலி பண்ணு, நாளைக்குக் காலையில திரும்பி வந்துடு" என்றார் சின்னப்பராஜ்.

தையல்கார முனிராஜ் ஊசியில் நூல் கோத்தபடியே நிமிர்ந்தான். "எதுக்குங்க சார்?"

"அக்ரிமெண்டு பதினோரு மாசம் முடிஞ்சுதில்ல? அதுக்கு மேல விடாம குடியிருந்தா வூடு உன்னுதாயிடும்னு ஊரே சொல்லுது."

ஊர் என்றால் டீக்கடை. பஸ் கம்பெனியில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற சின்னப்பராஜ், வந்த பணத்தையெல்லாம் கொட்டித் தருமபுரியில் முன்னால் ஒரு பெரிய வீடும் பின்னால் ஒரு சின்ன வீடும் கட்டியிருந்தார். பெரியதில் அவரும் மனைவி ராஜமேரியும். சின்னதில் முனிராஜ், அவன் மனைவி செல்லம்மாள், மூன்று பிள்ளைகள். அந்தச் சின்ன வீடு கையை விட்டுப் போய்விடுமோ என்று மனுஷனுக்கு ஒரு வாரமாகத் தூக்கமே இல்லை.

"ஒரு நாளைக்குச் சாமானையெல்லாம் எங்கீங்க வெக்கறது?"

"எங்க வூட்டு ஹால்ல வை. எல்லாரும் அங்கயே படுத்துக்கங்க."

தாராள மனசுதான், போங்கள்! பீரோ, ஆட்டுக்கல், தையல் மெஷின் எல்லாம் சாயங்காலத்துக்குள் வந்து இறங்கின. பின்வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சின்னப்பராஜ் நிம்மதியாகத் தூங்கினார்.

விடிந்ததும் சாவியை நீட்டினார். முனிராஜ் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

"இன்னைக்கு ஆடி ஒண்ணுங்க சார். ஆடியில யாராச்சும் குடி போவாங்களா?"

சின்னப்பராஜுக்குப் பகீரென்றது. அவர் பார்ப்பது பங்குக் கோயில் காலண்டர். அதில் புனிதர்கள் திருநாளெல்லாம் பளிச்சென்று இருந்தது. ஆடி அவர் கண்ணில் படவேயில்லை.

"அப்ப எப்பத்தான் போவ?"

"ஆவணி பொறக்கட்டுங்க."

ஆவணிக் கல்யாணத்துக்கு ஊரில் பாதி ஜாக்கெட்டுகள் முனிராஜிடம்தான். கோழி கூவுமுன்பே மெஷின் கடகடக்கும். பிள்ளைகளுக்கு அவருடைய ஈஸிசேர் ஊஞ்சலாயிற்று. அளவு கொடுக்க வந்த ஒரு பெண், வாசலில் நின்ற அவரைப் பார்த்து, "நீங்க யாருங்க?" என்று வேறு கேட்டுவிட்டாள்.

"பின்னால வூடு சும்மாத்தான கெடக்குது? அங்க போயிப் படுத்துக்கலாம் வாங்க" என்றாள் ராஜமேரி.

முதலில் பாய் போயிற்று. மறுநாள் காபிப் பாத்திரம், அப்புறம் ஸ்டவ், கடைசியில் மாதா படமும் போயிற்று. ஈஸிசேரை மட்டும் பிள்ளைகள் விடவில்லை.

ஒருவழியாக ஆவணி பிறந்தது. சின்னப்பராஜ் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, சாவியோடு தன் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"கெளம்புப்பா, நல்ல நாளு!"

முனிராஜ் நெளிந்தான். "செல்லம்மா முழுகாம இருக்கா சார். மாசமா இருக்கறவ வூடு மாறக் கூடாதுங்க."

"போன மாசம் மாறினாளே?"

"அப்பத் தெரியாதுங்களே!"

வாழ்த்துவதா, வைவதா என்று சின்னப்பராஜுக்குப் புரியவில்லை. "நல்லா இருங்க" என்று முதலில் சொல்லிவிட்டு, அப்புறம்தான் கத்தினார். "அதுவரைக்கும் நாங்க எங்கப்பா போறது?"

இத்தனை நாளும் வாயே திறக்காத செல்லம்மாள் கதவோரத்திலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நீங்க பின்னால வூட்லயே தாராளமா இருங்க சார். பதினோரு மாசம் முடிஞ்சா மட்டும், ஒரே ஒரு நாள் காலி பண்ணிக் குடுத்துருங்க."