பதினொரு மணி டீ

காலை ஆறு இருபதுக்கு அடுப்பு மூன்றாவது முறையாக அணைந்தது.

சண்முகப்பிரியா இன்னொரு தீக்குச்சி கிழித்தாள். சுடர் நடுங்கியது. இரண்டு முறை இருமியது. போய்விட்டது.

பதினொரு மணிக்குச் சென்னையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். போத்தனூரில் ரயில் பாதையை ஒட்டியிருந்த அந்தத் தொண்டு அமைப்பு, சாண எரிவாயுக் கலன், புகையில்லா விறகடுப்பு, சூரிய உலர்த்தி என்று செய்து ஊர்களுக்குக் கொடுத்துவந்தது. வருகிறவர்களுக்குக் கலனில் எரியும் அடுப்பில் டீ போட்டுக் கொடுக்க வேண்டும். டீ கொதித்தால் நாற்பது ஊர்களுக்கு நிதி வரும். நிதி வந்தால் ஒரு வேலை வரும். அந்த வேலை அவளுக்கு.

மென்பொருள் கம்பெனியை விட்டு இங்கே வந்து ஐந்து மாதம் ஆகிறது. இந்த மாதிரி இடங்களில் வேலைக்கு விளம்பரம் வராது, முதலில் போய்க் கூடமாட நின்றால் பிறகு தானாக வரும் என்று விசாரித்த இடமெல்லாம் சொன்னார்கள். கூடமாட நின்றாள். சாணி கரைத்தாள். குழாய் மாட்டினாள். பெருந்துறையில் அவள் அப்பா அப்புசாமி, கேட்பவர்களிடம் மகள் கேஸ் கம்பெனியில் இருக்கிறாள் என்று சொல்லிச் சமாளித்தார். இந்த மாதக் கடைசிக்குள் வேலை உத்தரவு வராவிட்டால் அவள் ஊர் திரும்பி, சித்தப்பாவின் பனியன் கம்பெனி ஆபீசில் உட்கார வேண்டும். அது பேச்சு. இன்று இருபத்தெட்டாம் தேதி.

கோளாறு வியாழக்கிழமை தொடங்கியது. பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் முகூர்த்தம். மிச்சச் சோற்றை வாங்கிவந்து கலனுக்குப் போட்டாள். 'தினம் ஒரு பக்கெட் மட்டும். வாரம் ஒரு முறை குழாயில் கட்டும் நீரை வடிக்கவும்' என்று சுவரில் பலகை இருந்தது. அவள் எழுதியதுதான். எழுதியவள் படிப்பதில்லை. தவிர, ஒரு முறை பரிமாறிவிட்டு நிறுத்தும் பழக்கம் அவள் வளர்ந்த வீட்டில் கிடையாது. சனிக்கிழமை விருந்தாளி வரும்போது கலன் தெம்பாக இருக்க வேண்டும். நான்கு பக்கெட் போட்டாள். மேலே ஒரு பக்கெட் ரசம் ஊற்றினாள்.

வெள்ளிக்கிழமை சுடர் சுருங்கியது. கலனின் பச்சை டிரம் நன்றாக மேலே எழும்பித்தான் மிதந்தது. உள்ளே வாயு இருந்தது. ரசத்தின் புளிப்பில் அது எரியாத வாயுவாகிவிட்டது என்று முடிவு செய்தாள். புளிப்புக்குச் சுண்ணாம்பு. கரைத்து ஊற்றினாள்.

கலன் நுரைத்தது. நுரை வெளிக்குழியைத் தாண்டி, வருகிறவர்கள் நடக்க வேண்டிய பாதையில் வந்து நின்றது. தண்ணீர் பீய்ச்சிக் கழுவினாள். மண் இளகி, 'நல்வரவு' பலகை சாய்ந்தது.

இன்று காலை நான்காவது முறையும் அணைந்தபின், புதுச் சாணி போட்டால் சரியாகும் என்று அடுத்த தோட்டத்துக்கு ஓடினாள். வெங்கடம்மாளிடம் ஒரு கூடை கேட்டாள். அந்த அம்மாள் முதலில் இட்லி சாப்பிட வைத்தார். எட்டரைக்கு ஒரு டிராக்டர் டிரெய்லர் நிறையச் சாணி வந்தது. வாசலை மறித்துக் கொட்டிவிட்டார்கள்.

"ஒரு கூடைதானுங்கம்மா கேட்டேன்."

"கேட்டு வந்த புள்ளைக்கு அளந்தா குடுப்பாங்க?" என்றார் வெங்கடம்மாள்.

இரண்டு கூடை கரைத்து ஊற்றினாள். அடுப்பு எரியவில்லை. மீதிச் சாணி வாசலில் இருந்தது.

பத்து மணிக்கு அமைப்பின் தலைவர் சென்னகேசவன் வெள்ளைச் சட்டையில் வந்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்து, சாணியைச் சுற்றி வேலியோரமாக உள்ளே நுழைந்தார். சாணியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அவ்வளவு மரியாதைக்காரர்.

"அம்மணி, எரியுதுங்களா?"

"எரியுமுங்க சார்."

எரியுது என்று சொல்லவில்லை, எரியும் என்றுதான் சொன்னோம் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

சமையலறைக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடிய ஒரு சிலிண்டர் உண்டு. இந்த வளாகத்தில் கடை கேஸ் நுழையக் கூடாது என்பது விதி. சமையல்காரக் கனகம் அவசரத்துக்கு ஒன்று வைத்திருந்தார் என்பது எல்லாருக்கும் தெரியும். யாரும் பேசியதில்லை.

சண்முகப்பிரியா அதைத் தூக்கினாள். எதிர்பார்த்த கனம் இல்லை. ஐந்து மாதம் சாணி சுமந்த கை என்று ஒரு கணம் பெருமைப்பட்டாள். பிறகு செய்கிற காரியம் நினைவுக்கு வந்தது.

அடுப்பு மேடைக்குப் பின்னால் இடுப்பளவுச் சுவர். சிலிண்டரைச் சாக்கோடு அதன் மறைவில் வைத்தாள். அடுப்புக்கு வரும் குழாயை அறுத்து மூன்று வாய் இணைப்பைச் செருகினாள். அறுத்தபோது குழாயில் கட்டி அடைத்திருந்த ஒரு சொம்புத் தண்ணீர் அவள் காலில் கொட்டியது. துடைத்துவிட்டுப் போனாள்.

சென்னை ஆட்கள் பதினொன்றேகாலுக்கு வந்தார்கள். கீதா என்ற அதிகாரியும் உடன் இரண்டு பேரும். கலனின் வால்வுக்குக் கனகம் சந்தனம் வைத்து, குங்குமம் இட்டு, ஒரு முழம் மல்லிகை சுற்றியிருந்தார்.

"உங்க கையால தெறந்து வையுங்க" என்றார் சென்னகேசவன்.

கீதா வால்வைத் திறந்தார். அதே நேரத்தில் சண்முகப்பிரியா சுவருக்குப் பின்னால் கைவிட்டுச் சிலிண்டரைத் திறந்தாள். தீக்குச்சி கிழித்தாள்.

வட்டமாக நீலம் எழுந்தது. நடுங்கவில்லை.

ஏழு நிமிடத்தில் டீ பொங்கியது. அடுப்பை அணைத்தாள். கீதா பாத்திரத்தைத் தூக்கி அடியைப் பார்த்தார். கரி இல்லை. இத்தனை இடம் பார்த்தேன், இப்படி ஒரு சுடர் பார்க்கவில்லை என்றார். எல்லாம் நம்ம மாட்டுச் சாணிதானுங்க என்றார் சென்னகேசவன். அவரிடம் மாடு இல்லை.

யார் இதைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கீதா கேட்டார். சென்னகேசவன் அவளை முன்னால் நிறுத்தினார். கீதா நிதிக் காகிதத்தில் அங்கேயே கையெழுத்திட்டார். சென்னகேசவன் பையிலிருந்து ஒரு உறையை எடுத்தார். வேலை உத்தரவு. காலையிலேயே தட்டச்சு செய்து வைத்திருந்தார். அவளைக் கேட்காமலே பெருந்துறைக்குப் போன் போட்டு விஷயத்தையும் சொல்லிவிட்டார். மறுமுனையில் அப்புசாமி பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிடும் சத்தம் வெளியே கேட்டது.

"என்ற மக கேஸ் கம்பெனின்னா நம்புனீங்களா? இப்பக் கேளுங்க."

அவள் உறையைக் கையில் வைத்திருந்தாள். நல்ல கனமான காகிதம். பெயர் சரியாக இருந்தது. அதை மேடைமேல் வைத்தாள்.

"சார், இது நம்ம கேஸ் இல்லீங்க."

சென்னகேசவன் சிரித்த முகத்தோடு நின்றார். அவள் சுவருக்குப் பின்னால் இருந்த சாக்கை விலக்கிக் காட்டினாள்.

"ரெண்டு நாளா எரியலைங்க. பயந்து சிலிண்டரை மாட்டிப்போட்டேன். டீ அதுல போட்டதுங்க."

பாலக்காட்டுப் பக்கம் ஒரு சரக்கு ரயில் போனது. கீதா டம்ளரைக் கீழே வைத்தார். யாருக்கும் தெரிந்திருக்காதே, ஏன் சொன்னாய் என்று கேட்டார்.

"நாளைக்கு ஒரு ஊட்டு வாசல்ல நின்னு, இது எரியுமுங்கன்னு நாஞ் சொல்லோணுங்க. இப்படி வேலை வாங்கிப்போட்டா அதைச் சொல்ல வாய் வராதுங்க."

சென்னகேசவன் உத்தரவை எடுத்து இரண்டாக மடித்தார். பிறகு நான்காக. அவள் முதுகு வளையாமல் நின்றாள். ஐந்து மாதத்தில் இன்றுதான் அப்படி நிற்கத் தோன்றியது.

கனகம் டம்ளர்களை எடுக்க வந்தார். எல்லாரும் பார்க்கும் இடத்தைத் தானும் எட்டிப் பார்த்தார்.

"ஏங் கண்ணு, இந்தச் சிலிண்டரா? இது செவ்வாக்கெழமையே தீந்துபோச்சு, மாத்தறவன் வரலைன்னு சாக்கைப் போட்டு மூடி வெச்சிருந்தேன். அப்பறம் டீ எதுல கொதிச்சுது?"