மூணு உசுரு ரயில்

ஆரணி ஊருக்குள் ரயில் விட்ட ஒரே ஆள் எங்கள் டேசன் மாஸ்டர்தான். நிஜ ரயிலைப் பார்க்க நாங்கள் போளூர் போக வேண்டும். ஆனால் அவர் வீட்டுக் கூடத்தில் தினம் சாயங்காலம் ரயில் ஓடும். தகர டப்பாவில் பெட்டி, குடைக்கம்பியில் தண்டவாளம், எல்லாம் அவரே செய்தது. தொழில் என்னவோ தறிக்கு மேலே இருக்கும் ஜக்காடு பெட்டி ரிப்பேர்தான். தலையில் காக்கித் தொப்பி. கல்யாணத்துக்கும் அதோடுதான் வருவார்.

தெருப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் கிடக்கும். எண்பதுகளில் ஒரு வருஷம், பஸ் ஸ்டாண்டு பக்கம் எவனோ வீடியோ கேம் பெட்டி கொண்டுவந்து வைத்தான். அவ்வளவுதான். மாஸ்டர் விசில் ஊதி, "போளூர்... போளூர் எறங்கு!" என்று கூவுகிறார், கூடத்தில் ஒரு பூனைதான் இருக்கிறது. அதுவும் இறங்கிப் போய்விட்டது.

"இன்னா மாஸ்டரு, கூட்டத்தையே காணோம்?" என்றேன்.

"அந்தப் பெட்டியில செத்துச் செத்து ஆடலாமாம்க்கா. என் ரயில்ல ஒருத்தனும் சாவறதில்லியே!"

சரி, சாக வைக்கிறேன் என்று கிளம்பினார். சேலையில் பூ எங்கே விழணும் என்று ஓட்டை போட்டு, வரிசையாகக் கோத்திருப்போமே, ஜக்காடு அட்டை, அதை ரயிலுக்கு மாட்டினார். ஓட்டை இருந்தால் தறியில் நூல் தூக்கும். இவர் நூலுக்குப் பதில் ரயில்வே கேட்டைக் கட்டினார். ஓட்டை வந்தால் கேட் தூக்கும், இல்லாவிட்டால் விழும். பிள்ளை கையில் ஸ்விட்சு. பாதையை மாற்றி, திறந்த கேட்டில் ரயிலை விடணும். மோதினால் ஒரு உசுரு போச்சு. மூணு உசுருக்கு அடையாளமாக மூணு கோலி.

பிள்ளைகள் ஓடி வந்தன, ஆடின. ஒன்றுகூடச் சாகவில்லை!

"எப்டிடா?"

"இது மாங்கா புட்டா சேலை அட்டைதான மாஸ்டரு? எங்க தறியில தெனம் ஓடிகினு கீது. அடுத்த ஓட்டை எங்கன்னு தெரியாதா?"

வேறு அட்டை போட்டார். அதுவும் அவர்களுக்கு மனப்பாடம். சலித்துப்போய் மறுபடி பஸ் ஸ்டாண்டுக்கே போய்விட்டார்கள்.

மாஸ்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். அந்த வழுக்கையை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"யக்கா, ஊருக்குத் தெரியாத அட்டை உங்ககிட்ட மட்டும்தான் கீது."

அது என் மயில் பார்டர். நானே யோசித்துப் போட்டது. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனால் அப்படி ஒரு மயிலை ஆரணியில் எவளும் போட்டதில்லை. தீபாவளி வரைக்கும் யார் கண்ணிலும் படக்கூடாது என்று தறியைச் சுற்றி வேட்டி கட்டி மறைத்திருந்தேன்.

"பேஜார் பண்ணாத, போ மாஸ்டரு!"

போய்விட்டார். சாயங்காலம் விசில் கேட்டது. "போளூர்... போளூர்..." காலி கூடத்துக்கு அத்தனை மரியாதையாகச் சொல்கிறார். கேட்க முடியவில்லை. அட்டையை எடுத்துப் போய், "இதப் பாத்து ஒரு செட்டு ஓட்டை குத்திக்க" என்று கொடுத்தேன்.

அப்புறம் பார்க்கணுமே! சாவு மேல் சாவு. "ஐயோ, மூணாவது உசுரும் போச்சு!" என்று தெருக்கோடி வரை கேட்கும். வீடியோ கேம் பெட்டிக்காரனே வந்து வரிசையில் நின்றான். தோற்றுத் தோற்று, என் மயிலை ஓட்டைக்கு ஓட்டை பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். கற்றதை வீட்டில் சொல்லாமல் இருப்பார்களா? தீபாவளிக்கு எல்லார் தறியிலும் என் மயில்!

மாஸ்டரோடு சண்டை போடத்தான் போனேன். வாசல் வரைக்கும் பிள்ளைகள், கால் வைக்க இடமில்லை. மாஸ்டர் தொப்பியை நேராக்கி, எனக்குப் பச்சைக்கொடி காட்டினார்.

"வழி உடுங்கடா! அக்கா ரயிலுடா இது!"

வந்த கோபம் அங்கேயே இறங்கிவிட்டது.

இப்போதும் கடைகளில் அதை மயில் பார்டர் என்கிறார்கள். நான் மட்டும், "டேசன் மாஸ்டர் பார்டர் எடுப்பா" என்றுதான் கேட்பேன்.