ரிலீஸ் தேதிக்காரன்

கொசுவுக்கு வலை இருக்கிறது, மூட்டைப்பூச்சிக்கு மருந்து இருக்கிறது. தேதிக்காரனுக்கு மட்டும் இதுவரை யாரும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. இந்த இனத்தில் கிரிக்கெட் தேதிக்காரன் உண்டு, தேர்தல் தேதிக்காரன் உண்டு, சினிமா தேதிக்காரன் உண்டு. எங்கள் தெருவுக்கு வாய்த்தவன் ஹிப்ஹாப் தேதிக்காரன். பெயர் அறிவழகன். பெற்றவர்கள் நம்பிக்கையோடு வைத்த பெயர், அவர்களைக் குறை சொல்லக்கூடாது.

ஹிப்ஹாப் என்றால் என்னவென்று கேட்கிறீர்களா? நானும் கேட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. பாட்டு மாதிரி ஆரம்பித்து, பாதியில் சண்டையாகி, மூச்சு விடாமல் ஒருவனை ஒருவன் எதுகை வைத்துத் திட்டுவது. குழாயடியில் நாங்கள் இனாமாகச் செய்ததை அமெரிக்காக்காரன் சிடியில் போட்டு விற்கிறான், அவ்வளவுதான்.

சரி, கேட்டுவிட்டுப் போகட்டும் என்பீர்கள். தேதிக்காரன் எங்கே பாட்டைக் கேட்கிறான்? அது வெளிவந்த தேதியைத்தான் கேட்கிறான். பீங்கான் கம்பெனியில் பியூஸ் கட்டை அச்சில் மண்ணை அமுக்கிக்கொண்டே, எந்த ஆல்பம் எந்த வருஷம், என்ன மாதம், என்ன கிழமை என்று பக்கத்தில் இருப்பவனிடம் ஒப்பிப்பான், டீக்கடையில் ஒப்பிப்பான், பெண்ணாடம் பஸ்ஸில் எவராவது கரும்பு விவசாயியை ஜன்னலோரமாக மடக்கி, அவர் இறங்க வேண்டிய ஊர் தாண்டும் வரை ஒப்பிப்பான். அமெரிக்காவில் இரட்டைக் கோபுரம் விழுந்த அன்று ஊரே டிவி முன்னால் வாயடைத்து நிற்க, இவன் மட்டும் என்னிடம் வந்து, "பாவம் அத்த, இன்னிக்கித்தான் ஒரு பெரிய ஆல்பம் வருது. ஒருத்தனும் கவனிக்க மாட்டான்" என்று கண் கலங்கினான்.

என் வீட்டுக்காரர் திதிக்கு ஒருமுறை வந்தான். வடையைக் கடித்துக்கொண்டே சொல்கிறான்:

"மாமா போனது தொண்ணூத்தி மூணு நவம்பர் ஒம்பது. குடுத்து வச்சவரு அத்த. ஒரே நாள்ல ரெண்டு பெரிய ஆல்பம் வந்துது."

"அதக் கேக்கத்தான் அவசரமா போனாராடா?"

இன்னொரு வடை கேட்டான்.

இவனுக்கும் ஒருத்தி கழுத்தை நீட்டினாள், வாசுகி என்று. 2002-இல் வைகாசி விசாகத்தன்று, ஆட்டோ வருவதற்குள் வீட்டிலேயே அவளுக்குப் பிரசவமாகிவிட்டது. பிள்ளையைக் கையில் ஏந்தியது நான். முருகன் நாளில் பிறந்ததால் சண்முகப்ரியா என்று பெயர் வைத்தோம். இங்கிலீஷ் தேதி மே இருபத்தாறு. அதற்கு ஒன்பது நாள் கழித்து, ஜூன் நாலாம் தேதி, எவனோ ஒரு வெள்ளைக்காரப் பையனின் ஆல்பம் வருவதாக இருந்தது. இவன் என்ன செய்தான் தெரியுமா? பிறப்பைப் பதியப் போன இடத்தில், பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லாமல், பிள்ளை பிறந்தது ஜூன் நாலு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். பெண்ணும் ஆல்பமும் ஒரே நாளில் ரிலீஸ்! மார்பு விரியாதா?

மறுவாரம் சிடி கடை இஜாஸ், துபாயில் இருக்கும் தன் அண்ணனோடு போனில் பேசிவிட்டு வந்தான்.

"மச்சான், திருட்டு சிடி கெளம்பிடுச்சாம். கம்பெனிக்காரன் பயந்துபோயி முன்னாடியே வுட்டுட்டான். மே இருவத்தாறே வந்துடுச்சிடா."

வேடிக்கையைப் பாருங்கள். பொய் சொல்லாமல் சும்மா இருந்திருந்தால் உண்மையே பொருந்தியிருக்கும்.

தேதிக்காரன் தப்பை ஒத்துக்கொள்வானா? ஐந்து வருஷம் ஜூன் நாலாம் தேதி கேக் வெட்டினான். வாசுகி பாட்டுக்கு விசாகத்தன்று கோயிலில் அர்ச்சனை செய்தாள். வருஷத்துக்கு இரண்டு பிறந்தநாள் கிடைத்தால் எந்தப் பிள்ளை கேள்வி கேட்கும்?

பள்ளிக்கூடம் கேட்டது. ஒன்றாம் வகுப்புக்கு மே முப்பத்தொன்றுக்குள் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டுமாம். சான்றிதழில் நாலு நாள் குறைகிறது. வெள்ளிக்கிழமைக்குள் தேதியைத் திருத்திக்கொண்டு வந்தால் இடம் உண்டு; இல்லையென்றால் பிள்ளை ஒரு வருஷம் வீட்டில் உட்கார வேண்டியதுதான். வாசுகி பிள்ளையை ஒரு கையிலும் புருஷனை ஒரு கையிலும் இழுத்துக்கொண்டு, பிறப்பைப் பதிந்த ஆபீசுக்குப் போனாள். சாட்சிக்கு நான்.

அங்கே இருந்தவர் கோவிந்தசாமி என்ற கிளார்க்.

"ஏன்யா, பொறந்த தேதி எப்படிய்யா மாறும்?"

"ஜூன் நாலுன்னுதான் சார் சொல்லியிருந்தாங்க. திருட்டு சிடி வந்துட்டதால முன்னாடியே வுட்டுட்டாங்க."

"பிரசவத்தையா?"

நான் குறுக்கே புகுந்தேன். "விசாகத்தன்னிக்கிப் பொறந்த புள்ளங்க இது. பேர பாருங்க, சண்முகப்ரியா. ஏந்துன கை இதான்."

கோவிந்தசாமி நல்ல மனுஷர். ஒரு தாளை நீட்டினார். "ஞாபக மறதியால் தேதியைத் தவறாகச் சொல்லிவிட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. மத்தத நான் பாத்துக்கறேன்."

மறதி! தேதிக்காரனுக்கு! அவன் முகம் வேகாத பீங்கான் மாதிரி வெளுத்துவிட்டது.

"வேற வார்த்த போட்டுக்கலாமா சார்? எனக்கு மறதியே கெடையாது. வேணும்னா எண்பத்தெட்டுலேர்ந்து கேட்டுப் பாருங்க."

"ஏங்க" என்றாள் வாசுகி. பிள்ளை அவன் சட்டையைப் பிடித்து இழுத்தது. "அப்பா, நான் என்னிக்கித்தான்ப்பா பொறந்தேன்?"

அவன் பிள்ளையைப் பார்த்தான். பேனாவைப் பார்த்தான். எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

பரவாயில்லை, இவனுக்குள்ளும் ஓர் அப்பன் இருக்கிறான் என்று என் மனசு இளகிவிட்டது. வாசல்வரை வந்தோம். சட்டென்று திரும்பி உள்ளே ஓடினான்.

"சார், மறந்தது புள்ள பொறந்த தேதியத்தான்னு தெளிவா போட்டுடுங்க. நாளைக்கி எவனும் ஆல்பம் தேதியன்னு நெனச்சிடக் கூடாது."

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும், உங்கள் மூத்த பிள்ளை பிறந்த தேதியை, அந்த வாரம் நடந்த மேட்ச்சையோ வந்த படத்தையோ நினைத்துக் கணக்குப் போடாமல், டக்கென்று சொல்லுங்கள் பார்ப்போம்.

என்ன, மேலே விட்டத்தைப் பார்க்கிறீர்கள்?